இரண்டு ரூட்டரும் 192.168.1.1 என்கின்றன, மாடியில் மட்டும் இணையம் இல்லை

மெய்ப்புமேசை கேட்கிறார்:

நான் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். நெட்வொர்க் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் ஒற்றெழுத்து இடம் மாறிக் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்த நோயோடுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்; நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தளத்தில் இணைய நிறுவனத்தார் வைத்துவிட்டுப் போன ரூட்டர் இருக்கிறது. அதன் வைஃபை என் மாடி அறைக்கு ஏறி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. படிக்கட்டின் கடைசிப் படிவரை மூன்று கோடு காட்டும்; அறைக் கதவைச் சாத்தினால் ஒரே கோடு. ஆகவே இன்னொரு ரூட்டர் வாங்கினேன். கீழே உள்ளதன் மஞ்சள் போர்ட் ஒன்றிலிருந்து கேபிளை மாடிக்கு இழுத்து, புதியதன் நீலப் போர்ட்டில் செருகினேன். நீலத்துக்குக் கீழே ‘வேன்’ என்று பொறித்திருக்கிறது. வாய்விட்டுப் படித்தபோது வண்டிதான் நினைவுக்கு வந்தது. அது வெளி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இப்போது மாடியில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கின்றன. இணையம் மட்டும் இல்லை. இரண்டு ரூட்டரையும் நான்கு முறை அணைத்துப் போட்டாயிற்று. உதவி எண்ணில் பேசியவரும் ஐந்தாம் முறை அணைத்துப் போடத்தான் சொன்னார்.

பிறகு வழக்கம்போல் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். மாடியில் லேப்டாப்பில் 192.168.1.1 என்று தட்டினால் புதிய ரூட்டரின் பக்கம் திறக்கிறது. அதே லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய்ப் பழைய வைஃபையில் சேர்த்து அதே எண்ணைத் தட்டினால் பழைய ரூட்டரின் பக்கம் திறக்கிறது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு! புதிய ரூட்டரின் நிலவரப் பக்கத்தில் உள்ளதை அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்: வேன் ஐபி 192.168.1.7. வேன் கேட்வே 192.168.1.1. லேன் ஐபி 192.168.1.1. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0.

ஒரு மெய்ப்பில் ஒரே பக்க எண் இரண்டு தாளில் வந்திருந்தால் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன். இங்கே யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. இந்த எண் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்டதா, நான் மாற்றலாமா? ஒரு ரூட்டருக்கு ஏன் இரண்டு ஐபி? இந்த 255-கள் எதற்கு? கீழே ஒரு பிரிண்டரும் இருக்கிறது. மாடியிலிருந்து அதில் அச்சிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


பழையகம்பி பதில்:

சிவப்பு வட்டம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. நோய் அங்கேயேதான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ரூட்டருக்கு முகவரி என்று ஒன்று கிடையாது. ரூட்டரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி முகவரி உண்டு. தொழிலில் அதை இன்டர்ஃபேஸ் என்போம். புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கு நான் ‘கால்’ என்று சொல்லிக்கொடுத்தேன். ரூட்டர் வாசற்படியில் நிற்கிற ஆள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. வெளிக்கால் வேன், உள்கால் லேன். இரண்டு காலும் ஒரே அறையில் இருந்தால் அவர் எந்த வாசலிலும் நிற்கவில்லை என்று பொருள். உங்கள் புதிய ரூட்டர் அந்த நிலையில்தான் இருக்கிறது.

மாடி லேப்டாப்பிலிருந்து 8.8.8.8 என்ற முகவரிக்கு ஒரு தரவுப் பொட்டலம் கிளம்புகிறது என்று வையுங்கள். லேப்டாப்பின் முகவரி 192.168.1.100. தன் நெட்வொர்க்குக்கு வெளியே போக வேண்டியதை யாரிடம் ஒப்படைக்க வேண்டுமோ அவர்தான் அதன் கேட்வே. ‘8.8.8.8 என் நெட்வொர்க்கில் இல்லை, கேட்வேயிடம் கொடுக்கிறேன்’ என்று 192.168.1.1-இடம் கொடுக்கிறது. மாடியில் அது புதிய ரூட்டர். சரி, வந்து சேர்ந்தது. புதிய ரூட்டர் தன் வழிப்பட்டியலைப் பார்க்கிறது: ‘தெரியாத முகவரி எல்லாவற்றையும் 192.168.1.1-இடம் ஒப்படை’ என்று கீழ் ரூட்டர் அதற்குச் சொல்லியிருக்கிறது. யார் அந்த 192.168.1.1? அதுவேதான். தன் சட்டையில் தைத்திருக்கும் பெயரையே ஊரெல்லாம் தேடுகிற கதை. பொட்டலம் அங்கேயே மடிந்துபோகிறது. ஐந்தாம் முறை அணைத்துப் போட்டாலும் அங்கேதான் மடியும்.

சில புதிய மாடல்கள் இந்த மோதலைத் தாமாகவே கண்டுபிடித்து உள்முகவரியை மாற்றிக்கொள்ளும். உங்களுடையது அந்த அளவுக்குச் சூட்டிகை இல்லை போலிருக்கிறது. அலுவலகங்களில் இருக்கும் சிஸ்கோ ரூட்டர்களோ இந்த விஷயத்தில் கறார். ஒரு போர்ட்டுக்குக் கொடுத்த வரம்பிலிருந்தே இன்னொரு போர்ட்டுக்கு முகவரி கொடுக்கப் போனால், இது அந்தப் போர்ட்டோடு மோதுகிறது என்று திரையில் காட்டிவிட்டுக் கட்டளையை ஏற்க மறுத்துவிடும். அவற்றில் வேறொரு குணமும் உண்டு: முகவரி கொடுத்துவிட்டால் மட்டும் போர்ட் உயிர்பெறாது, ‘நோ ஷட்டவுன்’ என்ற கட்டளையையும் தட்ட வேண்டும். அந்த ஒரு வரியை மறந்து அரை நாள் கேபிளைச் சந்தேகித்தவன் நான்.

இனி 255. ஐபி முகவரி உண்மையில் 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) நீளமுள்ள ஒரே எண். நாம் படிக்க வசதியாக எட்டெட்டாகப் பிரித்து, நடுவே புள்ளி வைத்து எழுதுகிறோம். அதனால்தான் எந்தத் துண்டும் 255-ஐத் தாண்டாது. இந்த 32 பிட்டில் முன்பகுதி நெட்வொர்க்கையும் பின்பகுதி அதற்குள் இருக்கும் கருவியையும் குறிக்கும். எது வரை முன்பகுதி என்று கோடு கிழித்துக் காட்டுவதுதான் மாஸ்க். 255 என்றால் எட்டு பிட்டும் ஒன்று, ‘இந்தத் துண்டு முழுவதும் நெட்வொர்க்’. 0 என்றால் ‘இது முழுவதும் கருவி எண்’. ஆக 255.255.255.0 என்றால் 192.168.1 வரை நெட்வொர்க், கடைசித் துண்டு கருவி. 256 எண்களில் 0 நெட்வொர்க்கின் பெயராகிவிடும்; 255 எல்லோருக்கும் சேர்த்துக் கூவுவதற்கு. மிச்சம் 254 கருவிகளுக்கு. இதையே 24 பிட் முன்பகுதி என்பதால் சாய்கோடு போட்டு /24 என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இப்போது உங்கள் நோட்டைப் பாருங்கள். வேன் 192.168.1.7, லேன் 192.168.1.1. கோடு வரைக்கும் இரண்டும் ஒன்றே. அதுதான் பிழை.

எண் தொழிற்சாலையில் வைத்துவிட்டதுதான், ஆனால் பொறிக்கப்பட்டதில்லை, தாராளமாக மாற்றலாம். உங்கள் முன்னால் இரண்டு வழி உண்டு.

முதல் வழி: புதிய ரூட்டரின் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றுவது. நீலப் போர்ட் அப்படியே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் இணையம் வந்துவிடும். ஆனால் மாடியும் கீழும் இரண்டு தனி நெட்வொர்க்காகிவிடும். பிரிண்டரைத் தானாகத் தேடிக் கண்டுபிடிக்கும் அழைப்புகள் ரூட்டரைத் தாண்டுவதில்லை; லேப்டாப் ‘பிரிண்டரே இல்லை’ என்று கைவிரிக்கும்.

இரண்டாம் வழி: புதியதை ரூட்டர் வேலையிலிருந்து விடுவித்து வைஃபை தருவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது. ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்பார்கள். பிரிண்டர் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டதால் இதுதான் உங்களுக்கு. பட்டியலில் அந்தப் பெயரிலேயே ஒரு தேர்வு இருந்தால் அதைத் தொட்டால் போதும். இல்லையென்றால் கையால் செய்யுங்கள். கீழிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பைப் புதிய ரூட்டரின் மஞ்சள் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். லேன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். சேமித்தவுடன் திரை உறைந்ததுபோல் நிற்கும். பயப்பட வேண்டாம், நீங்கள் பேசிக்கொண்டிருந்த முகவரி இப்போது அங்கே இல்லை, அவ்வளவுதான். கேபிளை ஒருமுறை எடுத்துச் செருகிவிட்டு 192.168.1.2 என்று தட்டி உள்ளே போங்கள். அங்கே டிஹெச்சிபி சர்வரை அணையுங்கள். அதன் பிறகு கீழிருந்து வரும் கேபிளை மஞ்சள் போர்ட் ஒன்றில் செருகுங்கள். நீலம் காலியாகவே இருக்கட்டும்.

டிஹெச்சிபி என்பது கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலை. அது கீழ் ரூட்டரிடமே இருக்கட்டும். ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்கினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள்.


இரவுமுறை பதில்:

பழையகம்பி சொன்னது சரி. ஆனால் முதல் வழியை அவ்வளவு அலட்சியமாகத் தள்ள வேண்டாம். விருந்தினர் போன், மலிவான கேமரா, பேசும் பொம்மை போன்றவற்றைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி வைக்க நான் வேண்டுமென்றே இரண்டு ரூட்டர் முறையில்தான் இருக்கிறேன். நம்பாத கருவிகள் கீழே முதல் ரூட்டரில்; என் கணினிகள் இரண்டாவதற்குப் பின்னால். திசையை மாற்றி வைத்தால் பயன் இல்லை: பின்னால் இருப்பவை முன்னால் இருப்பவற்றை எட்டிப் பார்க்கலாம், முன்னால் இருப்பவை பின்னால் எட்ட முடியாது.

இன்னொன்று. உள்முகவரியை மாற்றச் சொன்னால் சிலர் கைக்கு வந்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கிய வரம்புகள் மூன்றுதான். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணத்தில் இருப்பவை. 10 என்று தொடங்கும் எல்லாம். 172.16 முதல் 172.31 வரை. 192.168 என்று தொடங்கும் எல்லாம். நடுவில் இருப்பதில்தான் கால் இடறும். 172 என்று தொடங்கினாலே வீட்டு முகவரி என்று நினைத்து 172.50 போட்டவரைப் பார்த்திருக்கிறேன். அது வெளியுலகில் வேறு யாருக்கோ சொந்தமான முகவரி. அவர்களுடைய தளங்கள் மட்டும் இவருக்குத் திறக்காது. காரணமும் லேசில் பிடிபடாது.

வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் போக விபிஎன் பயன்படுத்துகிறவர்கள் 192.168.0, 192.168.1 இரண்டையும் தவிர்த்துவிடுவதே நல்லது. அலுவலகத்திலும் வீட்டிலும் ஒரே வரம்பு இருந்தால், அலுவலகச் சர்வருக்குப் போக வேண்டியதை லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். மெய்ப்புமேசையின் அதே நோய், வேறு உடம்பில். நான் 10.47.12.1 வைத்திருக்கிறேன். யாரோடும் இதுவரை மோதியதில்லை.


மெய்ப்புமேசை:

இருவருக்கும் நன்றி. மாஸ்க் எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன்: ஒரு நீண்ட எண்ணில் எது வரை நூலின் பெயர், எங்கிருந்து பக்க எண் என்று பென்சிலால் இடும் கோடு. கோட்டுக்கு முன்னால் இருப்பது ஒன்றானால் ஒரே நூல். சரிதானே?

இரண்டாம் வழியைத்தான் செய்தேன். 192.168.1.2 வந்துவிட்டது, கேபிள் மஞ்சளில் இருக்கிறது, நீலம் காலி. நேற்று மாலை இணையம் வந்தது. எனக்கு ஒரே பெருமிதம். இன்று காலை லேப்டாப்பில் இருக்கிறது, போனில் இல்லை. மதியம் போனில் வந்தது, லேப்டாப்பில் போய்விட்டது. இணையம் இல்லாத நேரத்திலும் பிரிண்டரில் மட்டும் தடங்கலில்லாமல் அச்சாகிறது. மனநிலையைப் பொறுத்து வேலை செய்யும் உதவியாளரைப்போல் இருக்கிறது.

நோட்டில் எழுதியது: போனில் இணையம் இருந்தபோது அதன் ஐபி 192.168.1.103, கேட்வே 192.168.1.1. இல்லாதபோது ஐபி 192.168.1.101, கேட்வே 192.168.1.2. லேப்டாப்புக்கும் இதே கதை. கேட்வே 2 என்று வரும்போதெல்லாம் இணையம் இல்லை. ஆனால் டிஹெச்சிபியை நான் அணைத்துவிட்டேன் என்று சத்தியம் செய்வேன். பொத்தானைத் தட்டியபோது அது சாம்பல் நிறமானதை என் கண்ணால் பார்த்தேன்.


பழையகம்பி பதில்:

கோடு சரியாக இட்டிருக்கிறீர்கள். உங்கள் உவமையை இனி நானே பயன்படுத்திக்கொள்கிறேன், உரிமைத்தொகை கேட்காதீர்கள்.

கேட்வே 2 என்று வருகிறதென்றால் அந்தப் பதிலைக் கொடுத்தது 192.168.1.2. கேட்காதீர்கள் என்று சொன்னேனே, அதுதான் நடந்திருக்கிறது. பொத்தான் சாம்பல் நிறமானது நிஜம். பக்கத்தின் அடியில் ‘சேமி’ என்று இன்னொரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தாமல் வெளியே வந்திருப்பீர்கள். மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள், பச்சையாகவே இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஒரு கருவி நெட்வொர்க்கில் சேர்ந்தவுடன் தனக்கு முகவரி இல்லாததால் யாரையும் பெயர் சொல்லி அழைக்க முடியாது. ‘முகவரி தருகிறவர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். இருப்பவர் ‘இந்த எண்ணை எடுத்துக்கொள்’ என்று நீட்டுவார். ‘சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்று கருவி சொல்லும். ‘உனக்கேதான்’ என்று அவர் உறுதி செய்வார். நான்கே வாக்கியம். எண்ணோடு மாஸ்க், கேட்வே, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் முகவரி எல்லாம் சேர்ந்து வரும். இரண்டு பேர் நீட்டினால் பெரும்பாலும் முந்திக்கொண்டவருக்கே வெற்றி. உங்கள் வீட்டில் சில நேரம் கீழ் ரூட்டர் முந்துகிறது, சில நேரம் மேல் ரூட்டர். மேலது ‘நானே கேட்வே’ என்று சொல்லி அனுப்புகிறது. அதன் நீலப் போர்ட் காலி, வெளியே போக அதற்கு வழியில்லை. பிரிண்டர் ஏன் வேலை செய்கிறது? அது அதே 192.168.1-க்குள் இருக்கிறது. உள்ளே நடக்கும் பேச்சுக்குக் கேட்வே தேவையே இல்லை. உதவியாளருக்கு மனநிலை எல்லாம் இல்லை. இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள்.

அணைத்துச் சேமித்த பிறகும் ஏற்கெனவே கேட்வே 2 என்று வாங்கிக்கொண்ட கருவி அதையே பிடித்துக்கொண்டிருக்கும். முகவரி என்பது குத்தகைதான். கெடு முடியும்வரை செல்லும். ஒவ்வொரு கருவியிலும் வைஃபையை அணைத்துப் போடுங்கள், கீழ் ரூட்டரிடம் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அணைத்துப் போடு என்று நானும் சொல்லும்படி ஆகிவிட்டது.

அப்படியே ஒரு சந்தேகம். பிரிண்டரின் ஐபி என்ன? கையால் கொடுத்ததா?


மெய்ப்புமேசை:

பந்தயத்தில் நீங்கள்தான் வென்றீர்கள். பச்சையாகவே இருந்தது. ‘சேமி’ பொத்தான் திரைக்குக் கீழே, உருட்டினால் மட்டுமே தெரிகிற இடத்தில் ஒளிந்திருக்கிறது. இதை வடிவமைத்தவரின் மெய்ப்பு என் மேசைக்கு வரட்டும்.

இப்போது எல்லாக் கருவியும் கேட்வே 1 என்கின்றன. பிரிண்டர் 192.168.1.105. ஆம், அதை நிறுவ வந்தவர் பிரிண்டரின் சிறு திரையில் தட்டிக்கொடுத்தார். கீழ் ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் ‘100 முதல் 199 வரை’ என்று இருக்கிறது. எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது.


பழையகம்பி பதில்:

உறுத்த வேண்டும். 100 முதல் 199 வரை ரூட்டர் தன் இஷ்டம்போல் வழங்கும். 105-ஐ ஒருவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார் என்பது அதன் பேரேட்டில் இல்லை. சில ரூட்டர்கள் ஒரு முகவரியைக் கொடுக்கும் முன் ‘இதில் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்டுப் பார்க்கும். பிரிண்டர் ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தால் பதில் வராது. 105-ஐ ஒரு போனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். பிரிண்டர் விழித்ததும் இரண்டு பேருக்கு ஒரே முகவரி. நாள்தோறும் நடக்காது, அவசரமாக அச்சிட வேண்டிய நாளில் நடக்கும்.

இரண்டு மருந்து. பிரிண்டருக்கு வரம்புக்கு வெளியே ஓர் எண், 192.168.1.20 என்பதுபோல், கையால் கொடுக்கலாம். அல்லது பிரிண்டரைத் ‘தானாகப் பெறு’ என்ற நிலைக்கு மாற்றிவிட்டு, ரூட்டரில் ‘இந்த மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் அடையாளம்) எப்போதும் இந்த எண்’ என்று பதிந்துவைக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எல்லா எண்ணும் ஒரே பேரேட்டில் இருக்கும்; யாரிடம் எது என்று கருவி கருவியாக ஏறி இறங்க வேண்டாம். போன்களுக்கு இப்படிப் பதிகிறபோது மட்டும் கவனம்: இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரி காட்டுகின்றன. மேக் முகவரியின் இரண்டாவது குறி 2, 6, ஏ (A), இ (E) இவற்றில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலை கொடுத்ததில்லை, போன் தானே சூட்டிக்கொண்டது. பிரிண்டர்களுக்கு இந்த நாடகமெல்லாம் தெரியாது.

கையால் கொடுப்பதென்றால் மாஸ்க்கையும் நீங்களே தட்ட வேண்டும்; அதில் ஒரு கதை உண்டு. ஓர் அலுவலகத்திலிருந்து அழைப்பு: பிரிண்டர் பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, பாதிப் பேருக்கு இல்லை. யாருக்கு இல்லையோ அவர்களிடமிருந்து அனுப்பினால் பிரிண்டரின் விளக்கு ஒரு கணம் சிமிட்டும், அவ்வளவுதான். டிரைவரைத் திரும்ப நிறுவினார்கள், கேபிளை மாற்றினார்கள். நான் போய் வேலை செய்கிறவர்களின் எண்களை ஒரு தாளில் எழுதினேன்: 131, 144, 160, 172. செய்யாதவர்கள்: 102, 109, 115, 121. நீங்கள் என்றால் அந்தத் தாளைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பீர்கள். 128-இல் கத்தி விழுந்திருக்கிறது. பிரிண்டரின் முகவரி 192.168.1.200, மாஸ்க் 255.255.255.0 என்று தட்ட வேண்டிய இடத்தில் 255.255.255.128 என்று யாரோ தட்டியிருந்தார்கள். கோடு ஒரே ஒரு பிட் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. 192.168.1 என்ற நூல் இரண்டு பாகமாகிவிட்டது: 0 முதல் 127 வரை ஒன்று, 128 முதல் 255 வரை இன்னொன்று. அனுப்புகிறவர்களின் மாஸ்க் சரியாக இருந்ததால் எல்லோருடைய பொட்டலமும் பிரிண்டருக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் சொல்லும்போதுதான் சிக்கல். 102-க்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், ‘அவர் வேறு நெட்வொர்க், கேட்வேயிடம் கொடு’ என்று பிரிண்டர் நினைக்கிறது. கேட்வேயோ 192.168.1.1. அதுவும் அதன் கணக்கில் வேறு நெட்வொர்க். பதில் சொல்ல வழி தெரியாமல் வாயை மூடிக்கொண்டது. நாங்கள் மூன்று பேர், ஒரு பகல் முழுவதும்.


தனிப்பாதை பதில்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பிரச்சினையும் ரூட்டர் முகவரிதான். வெளியில் இருக்கும்போது வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) வைத்தேன். வெளியிலிருந்து எட்டவே இல்லை. வேன் ஐபி 100.72.15.9 என்று காட்டுகிறது. ‘என் ஐபி என்ன’ என்று கேட்கும் தளங்களோ 100-இல் தொடங்காத வேறு ஏதோ எண்ணைச் சொல்கின்றன. எது உண்மை?


இரவுமுறை பதில்:

இரண்டும் உண்மைதான், நடுவில் இன்னொரு ரூட்டர் இருக்கிறது, அது உங்கள் வீட்டில் இல்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இணைய நிறுவனங்கள் தங்கள் உள்வட்டத்துக்குப் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கப்பட்டவை. ஐபி பதிப்பு 4-இல் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரியிலேயே உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. ஆகவே பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் உட்காரவைக்கிறார்கள். சிஜிநாட் என்று பெயர். உங்கள் ரூட்டரில் எத்தனை கதவு திறந்தாலும் தெருமுனைக் கதவு உங்கள் கையில் இல்லை.

போர்ட் ஃபார்வர்டிங்கில் இனி நேரம் போக்க வேண்டாம். நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பாருங்கள். அல்லது வீட்டிலிருந்து வெளியே தொடங்கும் விபிஎன் சுரங்கம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து தட்டினால் எல்லாக் கதவும் திறக்கும். ஐபி பதிப்பு 6 உங்கள் இணைப்பில் இருந்தால் அது இன்னும் நேர்வழி: 128 பிட் என்பதால் வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரியே கிடைக்கும். ரூட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு கேமராவுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். கேமராவின் கடவுச்சொல்லை முதலில் மாற்றிவிட்டுச் செய்யுங்கள், தயவுசெய்து.


மெய்ப்புமேசை:

பிரிண்டரை 192.168.1.20-க்கு மாற்றிவிட்டேன், ரூட்டர் பேரேட்டில் பதிகிற வழிதான். என் ரூட்டர் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணையும் பதிவில் ஏற்றுக்கொண்டது. மாஸ்க்கை மூன்று முறை படித்துச் சரிபார்த்தேன், தானாக வந்ததுதான் என்றாலும். லேப்டாப்பில் பழைய 105-ஐயே பிரிண்டர் என்று வைத்திருந்ததால் முதல் அச்சு போகவில்லை. நீக்கிவிட்டு மறுபடி சேர்த்ததும் போனது.

நான்கு நாட்களாகக் கேட்வே 1 தவிர வேறெதுவும் வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன்: கீழ் ரூட்டர் 1, மேல் ரூட்டர் 2, பிரிண்டர் 20, வழங்கும் வரம்பு 100–199. மேல் ரூட்டரின் அடியில் ஒட்டியிருந்த ‘192.168.1.1’ என்ற அச்சிட்ட ஒட்டுத்தாளில், கடைசி 1-ஐ மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் 2 என்று எழுதிவைத்தேன்.